அழித்தும் திரும்பாத இடம்: வீட்டுச் சர்வரில் ஸ்னாப்ஷாட்டும் காப்புப்பிரதியும் – முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் ஒரு பங்கு போனது. 2004 டிசம்பர் 26 அன்று கரையோர வீடுகளுக்குள் கடல் புகுந்தபோது இன்னொரு பங்கு போனது. உறுதி, பிறப்புச் சான்றிதழ், அப்பம்மாவின் ஒரே ஒரு கலியாணப் படம் என்று எஞ்சியவற்றையாவது ஸ்கேன் செய்து, வீட்டிலேயே ஒரு சிறு சர்வரில் வைத்து, அதற்குக் காப்புப்பிரதியும் எடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

சர்வர் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் அவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. வன்தட்டு 4 டெராபைட். உள்ளே இருக்கும் கோப்புகளைக் கூட்டினால் ஒன்றரை டெராபைட்கூட இல்லை. பிறகு எப்படி நிரம்பியது? வேண்டாதவற்றை அழித்தாலும் ஏன் இடம் திரும்பவில்லை?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பிடித்து வைக்கும் பதிவு, இடம் பிடிப்பது நீங்கள் வைத்திருப்பவற்றுக்காக அல்ல, நீங்கள் அழித்தவற்றுக்காகவும் மாற்றி எழுதியவற்றுக்காகவும். இது பிடிபட்டால் எதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை நீங்களே கணக்குப் போட்டுத் தீர்மானிக்கலாம்.

இங்கே சொல்பவை இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளுக்கு (வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் மென்பொருளுக்கு) பொருந்தும். ட்ரூநாஸ், ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற சர்வர் இயங்குதளங்களில் முதலாவதும் சினாலஜி நிறுவனத்தின் சேமிப்பகப் பெட்டிகள் பலவற்றில் இரண்டாவதும் இருக்கின்றன. காப்புப்பிரதிக்கு ரெஸ்டிக், போர்க் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்னாப்ஷாட் எதைப் பிடித்து வைக்கிறது என்று பாருங்கள்

இந்த இரண்டு கோப்பு முறைமைகளும் இருக்கும் தரவின் மேல் எழுதுவதில்லை. கோப்பின் ஒரு பகுதியை மாற்றினால், புதிய பகுதி வன்தட்டில் வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. பழைய பகுதி யாருக்கும் தேவையில்லை என்றால்தான் அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. ஸ்னாப்ஷாட் என்பது “இந்த நேரத்தில் இருந்த பகுதிகள் எல்லாம் எனக்குத் தேவை” என்ற அறிவிப்பு. அதனால்தான் ஒரு டெராபைட் படத்தொகுப்புக்கும் கண் இமைக்கும் நேரத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட முடிகிறது. எடுத்த கணத்தில் அது பிடிக்கும் இடம் ஏறக்குறைய எதுவுமில்லை.

செலவு அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு கலியாண வீடியோ, 40 கிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இரவுக்கு ஒன்றாக ஐந்து ஸ்னாப்ஷாட்டுகள் எடுக்கப்பட்டன. சனிக்கிழமை காலையில் வீடியோவை அழிக்கிறீர்கள். கோப்புறையில் அது இல்லை. ஆனால் காலி இடம் ஒரு கிகாபைட்கூடக் கூடவில்லை, ஏனென்றால் ஐந்து ஸ்னாப்ஷாட்டுகளும் அதே 40 கிகாபைட்டைக் கேட்டு நிற்கின்றன. சரி, ஸ்னாப்ஷாட்டுகளைப் பார்ப்போம் என்று பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் நேரே ‘யூஸ்ட்’ என்ற நிரலில் (நெடுவரிசையில்) பூச்சியம். திங்கள் ஸ்னாப்ஷாட்டை அழிக்கிறீர்கள், ஒன்றும் திரும்பவில்லை. செவ்வாய், புதன், வியாழன் எல்லாவற்றையும் அழித்தும் ஒன்றும் திரும்பவில்லை. இப்போது வெள்ளி ஸ்னாப்ஷாட் மட்டும் மிச்சம். அதற்கு நேரே இருந்த பூச்சியம் 40 கிகாபைட்டாக மாறி நிற்கிறது.

அந்த நிரல் பொய் சொல்லவில்லை. “இந்த ஒன்றை மட்டும் அழித்தால் எவ்வளவு திரும்பும்” என்பதைத்தான் அது காட்டுகிறது. பல பேர் பங்காளிகளாக இருக்கும் காணியைப் போல, நான்கு பேர் விலகினாலும் காணி கைமாறாது, ஐந்தாவது ஆளும் கையெழுத்து வைக்க வேண்டும். எனவே அந்த நிரலில் உள்ள எண்களைக் கூட்டி மொத்தம் கண்டுபிடிக்க முயல வேண்டாம், வராது.

மறுபக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கும் கோப்புக்கு ஸ்னாப்ஷாட்டால் கூடுதல் செலவு கிடையாது. படங்களைச் சேர்த்துக்கொண்டே போய் எதையும் அழிக்காத கோப்புறைக்கு ஆயிரம் ஸ்னாப்ஷாட்டுகள் இருந்தாலும் அவை பிடிக்கும் இடம் மிகச் சொற்பம்.

படி 2: சரியான அளவுகோலால் அளவெடுங்கள்

கோப்புறைகளைக் கூட்டிப் பார்க்கும் ‘டியு’ கட்டளை ஸ்னாப்ஷாட்டுகளைக் காணாது. இடக்கணக்குத் தரும் ‘டிஎஃப்’ கட்டளை நிரம்பியிருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒப்பிடுவதில்தான் தொடங்குகிறது.

இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ கட்டளைக்கு ‘ஸ்பேஸ்’ என்ற நிரல் தொகுப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு தரவுத்தொகுதிக்கும் (தனி விதிகளோடு கோப்புகளை வைக்கும் பிரிவுக்கும்) இரண்டு எண்களைப் பிரித்துக் காட்டும்: ‘யூஸ்ட்டிஎஸ்’ என்பது இப்போது உயிரோடு இருக்கும் கோப்புகள், ‘யூஸ்ட்ஸ்னாப்’ என்பது எல்லா ஸ்னாப்ஷாட்டுகளையும் ஒன்றாக அழித்தால் திரும்பும் இடம். இரண்டாவது எண்தான் நீங்கள் தேடியது. அதைத் தொகுதிவாரியாகப் பாருங்கள். அநேகமாக ஒன்றோ இரண்டோ தொகுதிகள்தான் மொத்தத்தையும் தின்றுகொண்டிருக்கும்.

அடுத்து, எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து எது வரை அழித்தால் எவ்வளவு திரும்பும் என்பதை அழிக்காமலேயே கேட்டறியலாம். ‘டெஸ்ட்ராய்’ கட்டளையில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவே விழுக்காட்டுக் குறியை வைத்து, ஒத்திகைக்கான ‘என்’, விவரத்துக்கான ‘வி’ ஆகிய இரண்டு தெரிவுகளையும் சேர்த்தால் பட்டியலும் திரும்பும் அளவும் வரும். அந்த ‘என்’ இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டே என்டர் விசையைத் தட்டுங்கள். அதை மறந்தால் ஒத்திகை அல்ல, நிஜம்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் ‘ஃபைல்சிஸ்டம் டியு’ என்ற துணைக்கட்டளை ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றொரு நிரலைக் காட்டும். அதுவும் மேலே சொன்ன ‘யூஸ்ட்’ போலத் தனக்கு மட்டுமே உரிய பங்குதான். பங்கிட்ட இடத்தையும் சேர்த்துத் தொடர்ந்து கணக்கு வைக்க வேண்டுமென்றால் ‘கியூகுரூப்’ வசதியை இயக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டுகள் ஏராளமாக இருந்தால் அது இயந்திரத்தை மந்தமாக்கும் என்பதால் தேவைப்படும்போது மட்டும் இயக்குவதையே நான் விரும்புகிறேன்.

4 டெராபைட் என்று கடையில் வாங்கிய வன்தட்டு சர்வரில் 3.6 என்று தெரிவதற்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் தொடர்பில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடுக்காக எண்ணுகிறார், இயங்குதளம் 1024இன் அடுக்காக எண்ணுகிறது.

படி 3: தரவை அது மாறும் வேகத்தால் பிரியுங்கள்

வழிகாட்டியின் நடுப்புள்ளி இதுதான். ஸ்னாப்ஷாட்டுகளை எத்தனை நாள் வைத்து எப்போது அழிப்பது என்று சொல்லும் சுழற்சி விதி ஒன்றே ஒன்றால் சர்வரை ஆள முயல்வதால்தான் வன்தட்டு நிரம்புகிறது. ஒவ்வொரு வகைத் தரவுக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு நாளில் எவ்வளவு அழிகிறது அல்லது மாறுகிறது? அது தொலைந்தால் எவ்வளவு நாள் கழித்து எனக்குத் தெரியவரும்?

உறுதி, சான்றிதழ், குடும்பப் படம்: மாறுவதே இல்லை. ஆனால் ஒரு படம் காணாமல் போனால் அடுத்த ஆண்டு திவசத்துக்கு அதைத் தேடும்போதுதான் தெரியும். ஆக, இவற்றுக்கு நீண்ட காலம் வேண்டும். அந்த நீண்ட காலம் ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. தாராளமாக இரண்டு ஆண்டு வையுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: படத்தொகுப்பு மென்பொருள் சில, முகங்களின் பெயரையும் இடத்தையும் படக்கோப்புக்குள்ளேயே எழுதும், எழுதும்போது முழுக்கோப்பையும் புதிதாக எழுதிவிடும். 300 கிகாபைட் படங்களுக்கு ஒரே மாலையில் பெயர் சூட்டினால் பழைய 300 கிகாபைட் ஸ்னாப்ஷாட்டில் அப்படியே தங்கும். அந்த விவரங்களை எக்ஸ்எம்பி எனும் தனித் துணைக்கோப்பில் எழுதுமாறு அமைத்துவிட்டால் இந்தச் செலவு இல்லை.

அலுவலக ஆவணம், பிள்ளைகளின் பாடக் குறிப்பு: தினமும் மாறும், ஆனால் சிறியவை. ஒரு நாளைக்கு 200 மெகாபைட் மாறினாலும் 30 நாளுக்கு 6 கிகாபைட்தான். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

மெய்நிகர் இயந்திரங்கள் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகள்), தரவுத்தளங்கள்: இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு மெய்நிகர் வன்தட்டுக்குள் நீங்கள் எதையும் செய்யாவிட்டாலும் பதிவேடுகளும் தற்காலிகக் கோப்புகளும் மாறிக்கொண்டே இருக்கும். நாளைக்கு 5 கிகாபைட் மாறினால் 30 தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் 150 கிகாபைட் வரை பிடிக்கலாம். உடைந்தால் அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும் என்பதால் 7 முதல் 14 நாள் போதும்.

காவல் கமரா: ஸ்னாப்ஷாட் கூடவே கூடாது. கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 4 மெகாபிட் என்று அமைத்த ஒரு கமரா விநாடிக்கு அரை மெகாபைட் எழுதுகிறது, நாளைக்கு 43.2 கிகாபைட். வாசல், பின்முற்றம், வாகனத் தரிப்பிடம், மாடிப்படி என்று நான்கு கமரா இருந்தால் 172.8 கிகாபைட். பதிவு மென்பொருள் 7 நாளுக்கு மேற்பட்டதைத் தானே அழித்துவிடும் என்பதால் 1.2 டெராபைட்டில் நிற்க வேண்டும். அதே தொகுதிக்கு 30 நாள் தினசரி ஸ்னாப்ஷாட் ஓடினால் உண்மையில் 37 நாள் பதிவு வன்தட்டில் இருக்கும்: ஏறத்தாழ 6.4 டெராபைட். நீங்கள் ஒருபோதும் திறந்து பார்க்கப்போகாத வாசற்படிக் காட்சிக்காகக் குடும்பப் படங்களின் இடம் பறிபோகிறது.

பதிவிறக்கம், வீடியோ தொகுக்கும் வேலைத்தளம்: கமராவைப் போலவே. ஸ்னாப்ஷாட் இல்லை, அல்லது இரண்டு நாள்.

வகை பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தொகுதி உருவாக்குங்கள். ஸ்னாப்ஷாட் விதி தொகுதிக்குத்தான் பொருந்தும், கோப்புறைக்கு அல்ல. வேறு தொகுதிக்குக் கோப்புகளை நகர்த்துவது பெரும்பாலும் படியெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பதாகவே நடக்கும் என்பதை மறக்காதீர்கள். பழைய தொகுதியின் ஸ்னாப்ஷாட்டுகள் காலாவதியாகும் வரை அந்தத் தரவு இரட்டிப்பாக இடம் பிடிக்கும். காலி இடம் குறைவாக இருக்கும்போது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நகர்த்தாதீர்கள்.

குப்பைத்தொட்டியும் ஓர் அடுக்குத்தான். கோப்புகளைப் பகிரும் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் அழித்த கோப்பை இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். அதன் மேல் 30 நாள் ஸ்னாப்ஷாட் இருந்தால் 60 நாளுக்குப் பிறகுதான் இடம் திரும்பும். ஒன்றைக் குறையுங்கள், நான் குப்பைத்தொட்டியைத்தான் குறைப்பேன்.

படி 4: சுழற்சி விதியை அமையுங்கள்

மணிக்கணக்கில் 24, தினசரி 7, வாரத்துக்கு 4, மாதத்துக்கு 6 என்பது போன்ற விதிகளைப் பார்த்திருப்பீர்கள். அருகில் நெருக்கமாகவும் தொலைவில் ஐதாகவும் வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையே பிறந்து இடையிலேயே அழிந்த கோப்பு எதிலும் பிடிபடாது. அன்றாடம் தோன்றி மறையும் குப்பை, தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் உதிர்ந்ததும் தானே போய்விடுகிறது. மாத ஸ்னாப்ஷாட்டில் அந்த இரவு இருந்தது மட்டுமே நிற்கும். ஒற்றை ஸ்னாப்ஷாட் எவ்வளவுதான் பிடித்தாலும் அந்த நேரத்தில் தொகுதி எவ்வளவு இருந்ததோ அதைத் தாண்டாது. 60 கிகாபைட் மெய்நிகர் இயந்திரத்தின் 6 மாத ஸ்னாப்ஷாட்டுகள் மிக மோசமான நிலையில் 360 கிகாபைட் என்று முன்கூட்டியே மேல்வரம்பு கட்டிவிடலாம்.

உண்மையான வேகத்தை அறிய, இசட்எஃப்எஸ்ஸில் ‘எழுதப்பட்டது’ என்று பொருள்படும் ‘ரிட்டன்’ என்ற பண்பைப் பாருங்கள். முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதப்பட்ட அளவை அது தரும். ஒரு வாரம் தினசரி ஸ்னாப்ஷாட்டுகளை ஓடவிட்டு அந்த எண்களைக் குறித்துக்கொண்டால் ஊகம் தேவையில்லை. சேர்த்ததும் மாற்றியதும் அதில் கலந்தே இருக்கும் என்பதால், படத்தொகுதியில் பெரிய எண் வந்தாலும் அஞ்ச வேண்டாம். மெய்நிகர் இயந்திரத்தில் வந்தால் அஞ்சுங்கள்.

மணிக்கொரு ஸ்னாப்ஷாட் ஆவணத் தொகுதிக்கு மட்டும் போதும்.

படி 5: காப்புப்பிரதியின் பக்கம்

ஸ்னாப்ஷாட் காப்புப்பிரதி ஆகாது. அதே வன்தட்டில் இருக்கும் ஒன்று அந்த வன்தட்டு செத்தால் கூடவே சாகும். வெளியே ஒரு பிரதி வேண்டும். அங்கேயும் இடம் நிரம்பும், வேறு விதமாக.

ரெஸ்டிக்கில் ‘ஃபர்கெட்’ கட்டளை பழைய பிரதிகளைப் பட்டியலிலிருந்து மட்டுமே நீக்கும். தரவு அப்படியே கிடக்கும். ‘ப்ரூன்’ ஓடினால்தான் இடம் திரும்பும். போர்க்கில் 1.2 பதிப்பிலிருந்து ‘ப்ரூன்’ செய்த பிறகு ‘கம்பாக்ட்’ என்று தனியே சொல்ல வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் ‘கார்பேஜ் கலெக்‌ஷன்’ அந்த வேலையைச் செய்யும். அதுவும் அண்மைய 24 மணி நேரத்தில் தொடப்பட்ட துண்டுகளை அழிக்காது, எனவே உடனே எண் இறங்கவில்லை என்று பதற வேண்டாம். போர்க்கின் பழைய பதிப்புக்கு எழுதிய வழிமுறையைப் பின்பற்றி, மாதக்கணக்கில் ‘ப்ரூன்’ ஓடியும் ஒரு பைட்கூடத் திரும்பாத சர்வர்கள் உண்டு.

இன்னொரு பெரிய விழுங்கி, சுருக்கி வைத்த தரவுத்தளப் பிரதி. இந்தக் கருவிகள் கோப்பைத் துண்டுகளாக்கி, ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி சேமிக்காமல் இடம் மிச்சப்படுத்துகின்றன. ஜிஸிப்பால் சுருக்கிய கோப்பில் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அதன் பிறகுள்ளது முழுவதும் வேறு பைட்டுகளாகிவிடும். தினமும் புதுக்கோப்பு போலவே கணக்கில் ஏறும். சுருக்காமல் கொடுங்கள். போர்க்கும், 0.14 பதிப்பிலிருந்து ரெஸ்டிக்கும் தாமே சுருக்கிக்கொள்ளும்.

இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டையே வேறு சர்வருக்கு அனுப்புகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மூலத்தில் அழிந்த ஸ்னாப்ஷாட் மறுமுனையில் தானாக அழியாது. அங்கும் சுழற்சி விதி ஓட வேண்டும். அதேவேளை, இரு முனையிலும் பொதுவான ஸ்னாப்ஷாட் ஒன்றாவது இருக்க வேண்டும். அது போய்விட்டால் மாற்றத்தை மட்டும் அனுப்ப முடியாது, முழுவதையும் அனுப்ப வேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் ஒரு டெராபைட் போய்ச் சேர ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு நொடியும் தடைப்படாமல். மூலத்தில் ‘புக்மார்க்’ (தரவைப் பிடிக்காமல் ஸ்னாப்ஷாட்டின் நேரத்தை மட்டும் குறித்து வைக்கும் அடையாளம்) ஒன்றை உருவாக்கி வைத்தால் அந்த ஸ்னாப்ஷாட்டை மூலத்தில் அழித்த பிறகும் தொடரலாம், மறுமுனையில் அது இருக்கும் வரை. புக்மார்க் பிடிக்கும் இடம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

அந்த மறுமுனை எங்கே இருக்க வேண்டும்? உவர்மலையில் உங்கள் வீடு, உப்புவெளியில் தங்கை வீடு என்றால் அது போதாது. மட்டக்களப்புக் கரையும் போதாது. 2004இல் அதே காலையில் அதே அலை அங்கும் அடித்தது. 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. வவுனியா, கண்டி என்று உள்நாட்டில் உறவினர் இருந்தால் அவர் வீட்டு அலுமாரியில் ஒரு சிறு இயந்திரம் வையுங்கள். உறுதிகளையும் படங்களையும் மட்டும் அனுப்பினாலே பாதிக் கவலை தீரும், இடமும் மிகக் குறைவு.

மின்வெட்டு நடுவில் வந்து காப்புப்பிரதி அறுந்தால், ரெஸ்டிக் அரைகுறையாக அனுப்பிய துண்டுகள் மறுமுனையில் தங்கிவிடும். அடுத்த ஓட்டம் பயன்படுத்தக்கூடியதைப் பயன்படுத்தும், மிச்சத்தை ‘ப்ரூன்’ துடைக்கும். பூட்டு விழுந்து கிடந்தால் ‘அன்லாக்’ செய்யுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்டில் யூபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று நான் எண்ணுவதில்லை.

படி 6: ஏற்கெனவே நிரம்பிவிட்டதா?

கோப்புகளை அழிக்கத் தொடங்காதீர்கள். இடம் திரும்பாது, மாறாக அந்த அழிப்பைப் பதிவு செய்யவே கொஞ்சம் இடம் தேவைப்படும். முதலில் தானியங்கி ஸ்னாப்ஷாட் வேலைகளை நிறுத்துங்கள். படி 2இல் சொன்னபடி மிகுதியாகப் பிடித்திருக்கும் தொகுதியைக் கண்டுபிடித்து, பழையதிலிருந்து ஒரு வரிசையை ஒத்திகை பார்த்து, பிறகு அழியுங்கள். நடுவிலிருந்து ஆங்காங்கே பிடுங்குவதால் பெரும்பாலும் பயனில்லை. அண்டையில் இருப்பவை அதே பகுதிகளைப் பிடித்திருக்கும்.

அழிக்க மறுத்தால் காரணம் இரண்டில் ஒன்று. யாரோ, அல்லது அனுப்பும் கருவி ஏதோ, அதற்கு ‘ஹோல்ட்’ (அழிக்கவிடாத தடை) போட்டிருக்கும். இல்லையேல் அதிலிருந்து ‘குளோன்’ (அதே தரவைப் பங்கிடும், எழுதக்கூடிய நகல்) எடுத்து ஒரு மெய்நிகர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் காரணத்தோடு வைக்கப்பட்டவையாக இருக்கலாம், விசாரித்த பிறகே நீக்குங்கள். அழித்ததும் எண் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு கோப்பு முறைமைகளும் பின்னணியில் விடுவிக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த நேரத்தில் சிதறிய பகுதிகளை ஒன்றுசேர்க்கும் ‘டிஃப்ராக்’ ஓட்டவே ஓட்டாதீர்கள்: அது ஸ்னாப்ஷாட்டோடு பங்கிட்ட பகுதிகளைப் பிரித்து எழுதி, இருக்கும் நெருக்கடியைப் பெருக்கும்.

இடம் திரும்பியதும் இசட்எஃப்எஸ்ஸில் வெறுமையான தொகுதி ஒன்றை உருவாக்கி அதற்கு 20 கிகாபைட் ‘ரிசர்வேஷன்’ கொடுத்து வையுங்கள். மறுபடி இப்படியொரு நாள் வந்தால் அந்த ஒதுக்கீட்டை நீக்கி மூச்சுவிடும் இடம் பெறலாம். போர்க் களஞ்சியத்திலும் ‘அடிஷனல் ஃப்ரீ ஸ்பேஸ்’ என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது.

படி 7: எச்சரிக்கையும் ஒத்திகையும்

பயன்பாடு 80 விழுக்காட்டைத் தொட்டால் மின்னஞ்சல் வருமாறு அமையுங்கள். அதற்கு மேல் போகப்போக இந்தக் கோப்பு முறைமைகள் காலி இடம் தேடி மந்தமாகும். மொத்தத்துக்கு மட்டுமன்றி ‘யூஸ்ட்ஸ்னாப்’ எண்ணுக்கும் தனியே எச்சரிக்கை வைத்தால், கமராவின் சேமிப்பிடத்தை யாராவது தவறுதலாகப் படத்தொகுதிக்குள் மாற்றிவிட்டதுகூட இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

இசட்எஃப்எஸ்ஸில் மாதம் ஒரு ‘ஸ்கிரப்’ (தரவு முழுவதையும் வாசித்துப் பிழை தேடும் சோதனை) ஓடட்டும். ரெஸ்டிக்கின் ‘செக்’ கட்டளையில் தரவின் ஒரு பங்கை மட்டும் வாசித்துச் சரிபார்க்கும் தெரிவு உண்டு. மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் இணைய இணைப்பும் தாங்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஒக்டோபரில், மறுமுனைப் பிரதியிலிருந்து ஒரு காணி உறுதியையும் மிகப் பழைய படம் ஒன்றையும் வேறு கணினிக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். குறியாக்கக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, சர்வர் இருக்கும் வீட்டிலல்லாத வேறொரு வீட்டில் வையுங்கள்.